உள்ளேன் அம்மா

நடுவர் அவர்களுக்கும், அவையோர் அனைவருக்கும், எதிரணியில் எனக்கு முன்பு பேசி அமர்ந்திருக்கும் நண்பருக்கும் என் பணிவான வணக்கம்.

“ஆசிரியையாக வாழ்ந்த தாயின் நினைவு நிலைத்து நிற்பது வீட்டிலா, வகுப்பறையிலா?” என்பது இன்றைய தலைப்பு. வகுப்பறையில்தான் என்று வாதாட வந்திருக்கும் நான், சென்ற ஆண்டு மாசி மாதம் என் தாயாரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தவள். அவர் வயிற்றில் பிறந்த பிள்ளையே வீட்டுக்கு எதிராகப் பேசலாமா என்று எதிரணியினர் கேட்கக்கூடும். அந்த வீட்டிலும் இருந்தேன், அந்த வகுப்பறையிலும் மூன்று ஆண்டுகள் தரையில் அமர்ந்து படித்தேன். இரண்டையும் அறிந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எதிரணி நண்பர் இரண்டு வாதங்களை வைத்தார். பள்ளியில் செய்தது சம்பளத்துக்குச் செய்த பணி, வீட்டில் செய்ததே அன்பினால் செய்தது என்பது முதலாவது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் பெயர் நினைவிருக்கும் என்பது இரண்டாவது.

முதல் வாதத்துக்கு வருகிறேன். திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஓர் ஈராசிரியர் பள்ளியில் 1970ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த என் தாயார், 2004இல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளையே நடத்தினார். மாசி, பங்குனி மாதங்களில் பருத்தி வெடித்துவிட்டால் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். 1984இல் என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு பெண் பிள்ளையை, அவளுடைய தாயார் பருத்தி எடுப்புக்கு நிறுத்திக்கொண்டார். என் தாயார் அந்தக் காட்டுக்கே நடந்து சென்றார். படிப்பின் பெருமையைப் பற்றி அங்கே அவர் எதுவும் பேசவில்லை; பிள்ளையின் கூலி போனால் அந்த வீட்டில் என்ன குறையும் என்று கேட்டார். பின்பு அந்தப் பங்குனி முடியும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளையின் நிரையில் தானே நின்று, சேலை மடியில் பருத்தியை எடுத்துச் சேர்த்து, அதன் கூலியை அந்தத் தாயின் கையில் கொடுக்கச் செய்தார். அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லை என்று நான் அழுதிருக்கிறேன். நடுவர் அவர்களே, அரசு கொடுத்த சம்பளத்தில் இந்தச் சனிக்கிழமைகளுக்கு எந்த இனத்தில் கணக்கு எழுதுவது?

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது, யானைத் துதிக்கை போல் வளைந்திருந்த ணை, லை, ளை, னை ஆகியவையும் சுழித்து எழுதிய ணா, றா, னா போன்றவையுமாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த என் அண்ணன், அம்மா இரவில் சமையலை முடித்துவிட்டுச் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பழகிப்போன தன் கையைத் திருத்திக்கொள்ள அந்த எழுத்துகளை எழுதி எழுதிக் கோவை இலையால் துடைத்ததைப் பார்த்ததாக இன்றும் சொல்வார். வீட்டில் அவரைப் பற்றி எங்களுக்கு எஞ்சியிருக்கும் மிகத் தெளிவான காட்சியே வகுப்பறைக்காக அவர் விழித்திருந்த காட்சிதான்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் எதிரணி நண்பர் அதை வீட்டு ஜெபத்தோடு நிறுத்திவிட்டார். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை நடத்தி, அங்கே படித்தவர்களிலிருந்தே ஆசிரியைகளை உருவாக்கியது என்பதை இந்த ஊரார் அறிவார்கள். அக்காலத்துக் கிராமங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடமாக இருந்த அதே ஓலைக் கூரைதான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அப்படியொரு கூரையின் கீழ் எழுதப் படிக்கக் கற்ற பாட்டியின் மகள் என் தாயார். பணி செய்தது ஒன்றியப் பள்ளியாக இருந்தாலும், வகுப்பறைக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். வகுப்பில் ஒருநாளும் மதம் பேசியவர் அல்லர். அது தனக்கு நம்பிக்கையோடு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குச் செய்யும் துரோகம் என்பார். ஆனால் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வீட்டில் வைத்திருந்தார். இரவு ஜெபத்தில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கருப்பசாமியின் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பாடு வர வேண்டும் என்றும், நபிகளின் பெயரைத் தாங்கிய பிள்ளைக்குக் காதுவலி தீர வேண்டும் என்றும் கர்த்தரிடம் கேட்பார். எங்கள் பெயர்கள் கடைசியில் வரும். அதற்குள் நான் பல நாள் உறங்கிப்போயிருக்கிறேன்.

அடக்க ஆராதனையில் நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரத்தை வாசித்தார்கள். குணசாலியான பெண்ணின் விலை முத்துக்களினும் உயர்ந்தது என்ற இடம் எல்லாருக்கும் தெரியும். இரவிலும் அவளுடைய விளக்கு அணையாதிருக்கும் என்று அதே அதிகாரத்தில் பின்னால் வருகிறது. அதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சிலேட்டும் அந்த நோட்டும்தான் நினைவுக்கு வந்தன.

இனி, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்ற வாதம். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தார். பருத்திக் காட்டிலிருந்து மீட்டு வரப்பட்ட அந்தப் பிள்ளைதான் அவர் என்று எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இப்போது ஊரில் பால் சங்கத்துக் கணக்கு எழுதுகிறாராம். “சுழியை மூடாமல் விட்டால் அது ஆறாகிவிடும்னு டீச்சர் சொல்லுவாங்கல்ல? காலையிலயும் சாயங்காலமும் பால் அளவு எழுதுறப்ப ஒவ்வொரு சுழியையும் மூடுறேன், அப்பெல்லாம் டீச்சர் பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும்” என்றார். நான் அவர் மகள். அவருடைய புகைப்படத்துக்கு முன்னால் நிற்கும்போது மட்டுமே எனக்கு அந்த நெருக்கம் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ நாள்தோறும் இரண்டு வேளை, அதுவும் எழுதுகிற விரல்களிலேயே கிடைக்கிறது. ஆசிரியையின் பெயரை அவர் மறந்தே போயிருந்தாலும் அந்தச் சுழிகள் மூடப்பட்டே இருந்திருக்கும்.

அம்மா வைத்த குழம்பின் மணமும், காய்ச்சலில் நெற்றியில் வைத்த கையும் வீட்டுக்கு மட்டுமே சொந்தமானவை என்று எதிரணியினர் சொன்னதை நான் மறுக்கமாட்டேன். அவை என்னோடும் என் அண்ணனோடும் முடிந்துபோகும் என்பதுதான் என் துயரம்.

ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். பள்ளி வாசலைத் தாண்டினால் நான் அவரை அம்மா என்று அழைக்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளைப் போல டீச்சர் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஒரேயொரு நேரம் அதற்கு விலக்கு. காலையில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது நாங்கள் எல்லாருமே “உள்ளேன் அம்மா” என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் முந்திக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

கடைசி சில மாதங்களில் அவருக்கு நினைவு தவறிவிட்டது. என்னை யாரென்று தெரியவில்லை. மாலையானால் கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்குவார். ஜெபிக்கிறார் என்று நினைத்து நாங்கள் ஆமென் சொன்னோம். அவர் முகம் சுளித்து அதே பெயரை மறுபடியும் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. அன்று முதல் மாலைதோறும் அந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்காகவும் நானே “உள்ளேன் அம்மா” என்று சொன்னேன். என் பெயர் இருபத்தேழாவதாக வரும். அதற்கும் அதே குரலில் சொன்னேன். ஒருநாள் பத்தொன்பதாம் எண்ணில் மட்டும் என் பதிலை அவர் ஏற்கவில்லை. கண்ணைத் திறந்து, “அந்தப் பிள்ளை பருத்திக்குப் போயிருச்சா?” என்று கேட்டார். “இல்லை டீச்சர், வந்துவிட்டாள், முன் வரிசையில் இருக்கிறாள்” என்றேன். அதன் பிறகே இருபதாம் எண்ணைக் கூப்பிட்டார்.

வணக்கம்.