குடம் சிறுத்ததா, ஓட்டை விழுந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கடைப் படியேறும்போதே பாதிப் பேர் சொல்லிக்கொண்டு வருவது, "சார்ஜே நிக்க மாட்டேங்குது, பேட்டரியை மாத்திக் கொடுங்க" என்பதுதான். வியாதியையும் அவர்களே சொல்லி, மருந்தையும் அவர்களே எழுதிவிடுவார்கள். கேட்டபடி மாற்றிக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். ஆனால் பத்து நாளில் அதே ஆள் அதே போனோடு திரும்பி வருவார், இந்த முறை கோபமாக.

குடத்துத் தண்ணீர் சீக்கிரம் தீருகிறது என்றால் குடம் சிறுத்திருக்க வேண்டும், இல்லை எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும். பேட்டரி தேய்ந்து கொள்ளளவு குறைந்துபோவது முதல் வகை. போனுக்குள் ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் சார்ஜைக் குடித்துக்கொண்டிருப்பது இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்குப் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில்தான் வடியும்.

எது என்று கண்டுபிடிக்கக் கடைக்கே வர வேண்டாம். ராத்திரி படுக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று குறித்துவிட்டு, சார்ஜரில் போடாமல் வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் பாருங்கள். மூன்று, நான்கு சதவீதம் குறைந்திருந்தால் கவலை இல்லை. இருபது, இருபத்தைந்து என்று இறங்கியிருந்தால், நீங்கள் தூங்கியபோது போன் தூங்கவில்லை. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் இருக்கும். ராத்திரி முழுக்கத் தொடாத ஆப் மேலே நின்றால், அதன் பின்னணி வேலையையும் இருப்பிட அனுமதியையும் நிறுத்துங்கள். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ராப்பகலாகத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லா ஓட்டையும் பட்டியலில் தெரியாது. ஒரு அம்மா வந்தார்கள். போன் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் பார்த்தால் கால்வாசி சார்ஜ் காணோம். ஆப்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், "ராத்திரி போனை எங்க வைப்பீங்கம்மா?" என்று கேட்டேன். "பீரோவுல வெச்சுப் பூட்டிடுவேன் தம்பி. இல்லைன்னா பேரன் எடுத்து கேம் விளையாடுறான்" என்றார்கள்.

இரும்பு பீரோ! அதற்குள் டவர் சிக்னல் நுழைவதே கஷ்டம். சிக்னல் குறையக் குறைய, டவருக்கு எட்டும்படி போன் தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும். சுத்தமாக அறுந்துபோனால் திரும்பத் திரும்பத் தேடும். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கத்திக் கத்திக் களைத்துப்போவது மாதிரிதான். கொடைக்கானல் மலையேறும்போதும் ராத்திரி ரயிலிலும், போனைத் தொடாமலே சார்ஜ் கரைவது இதனால்தான். அந்த நேரத்துக்கு ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால், 4ஜியில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். அந்த அம்மாவிடம் நான் காசு வாங்கவில்லை.

திரையைப் பற்றி நீங்களே அறிவீர்கள். வெளிச்சம் கூடினால் சார்ஜ் குறையும், அவ்வளவுதான். கறுப்புப் பின்னணி வைத்தால் மிச்சமாகுமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை என்றால் ஆகும், கறுப்பில் அந்தப் புள்ளிகள் அணைந்துவிடும். எல்சிடி என்றால் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், பெரிய லாபம் இல்லை. அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஆப்பையும் மேலே தள்ளித் தள்ளி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய ஆப்பை அடியிலிருந்து மறுபடி திறக்கத்தான் அதிகச் செலவு. வாசல் தெளித்த மறுநிமிடம் மறுபடி தெளிப்பானேன்?

சரி, குடமே சிறுத்துப்போகும் கதைக்கு வருகிறேன். நம் போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. கெட்டிக்காரப் பேட்டரிதான், ஆனால் வெயில் ஆகாது. சூட்டில் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுத்து, மின்சாரம் சுமக்க வேண்டிய லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகிறது. போனது போனதுதான், திரும்பாது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊரில் அதற்கு எங்கே போவது!

சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் சித்திரை மாதத்தில் வந்தார். போன் நாள் முழுக்க வண்டி ஹேண்டில்பாரில், நேர் வெயிலில். மேப் ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில், போதாததற்கு வண்டியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. மூன்று சூடும் ஒன்றாய்ச் சேர்ந்து, பேட்டரி உப்பி, திரையை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. அப்படி உப்பியதைப் பார்த்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அவருக்குப் பேட்டரி மாற்றத்தான் வேண்டியிருந்தது. மேப்பைக் காதில் கேட்டுக்கொண்டு போனைச் சட்டைப்பைக்கு மாற்றச் சொன்னேன். "கேட்டுக்கிட்டே போனா சந்து தப்பிடும்ணா" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஒரு சின்ன நிழல்குடை மாதிரி அட்டையை வெட்டி மாட்டிக் கொடுத்தேன்.

வெயிலே படாவிட்டாலும் பேட்டரி தேயும். ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு தாங்கும்படி செய்தவை. 15ல் அதை 1000 ஆக்கினார்கள். சுற்று என்றால் எத்தனை தடவை சொருகினோம் என்பதல்ல. இன்று பாதி, நாளை பாதி தீர்த்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்று பார்த்தால் மீதிக் கொள்ளளவு தெரியும், சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்போது காட்டுகிறது. 80க்குக் கீழே போய்விட்டது, ராத்திரிச் சோதனையில் ஓட்டையும் இல்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

சார்ஜை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம். லித்தியத்துக்குப் பூஜ்யமும் ஆகாது, எப்போதும் நூறிலேயே நிற்பதும் ஆகாது. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் அதற்குச் சௌக்கியம். ஆனால் ஊருக்குக் கிளம்பும் நாளில் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி நமக்காகத்தானே, நாம் பேட்டரிக்காக இல்லையே.

பீரோ அம்மா போன வாரம் ஹெட்போன் வாங்க வந்தார்கள். போன் இப்போது பீரோவுக்கு மேலே இருக்கிறதாம். ராத்திரியில் மூன்று சதவீதம்தான் இறங்குகிறதாம். பேரன் ஸ்டூல் போட்டு ஏறக் கற்றுக்கொண்டுவிட்டானாம்.

வணக்கம்.