ரேகன்ஸ்பூர்க்கில் 99ஆம் நிமிடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் இரண்டாம் நிலைக் கால்பந்துப் போட்டியான இரண்டாம் பன்டஸ்லீகாவில் 2022-23 பருவம் முடிந்த விதத்தைப் பலரும் அதிசயம் என்கிறார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்தப் பிரிவில் 18 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் நேராக முதல் பிரிவுக்கு ஏறுவார்கள். மூன்றாம் இடத்தவரோ மேல் பிரிவில் 16ஆவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டங்கள் மோதி வென்றாக வேண்டும். 2023 மே 28 அன்று, கடைசிச் சுற்று தொடங்கும்போது, 67 புள்ளிகளோடு டார்ம்ஸ்டாட் ஏற்கெனவே கரையேறிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு 64 புள்ளிகளோடு ஹைடன்ஹைமும் 63 புள்ளிகளோடு ஹாம்பர்க்கும் நின்றன.

ஹாம்பர்க் சாண்ட்ஹவுசனில் ஆடி 1-0 என்று வென்றது. ரேகன்ஸ்பூர்க்கில் ஹைடன்ஹைம் முதலில் 0-2 என்று பின்தங்கி, ஒரு கோலைத் திருப்பியிருந்தது. ஆனால் வெற்றியைத் தவிர வேறெதுவும் அதற்குப் போதாது. சாண்ட்ஹவுசனில் இறுதி விசில் ஒலித்ததும் ஹாம்பர்க் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்து, வீரர்களைக் கட்டித் தழுவி அழுதார்கள். அறிவிப்பாளரும் ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். ரேகன்ஸ்பூர்க்கிலோ ஆட்டம் முடியவில்லை. வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் அங்கே 11 நிமிடங்களைக் கூட்டியிருந்தார். மூன்றாவது கூடுதல் நிமிடத்தில் யான்-நிக்லாஸ் பெஸ்டே பெனால்டியை கோலாக்கினார். ஒன்பதாவது கூடுதல் நிமிடத்தில், அதாவது 99ஆம் நிமிடத்தில், டிம் கிளைண்டின்ஸ்ட் தம்முடைய அந்தப் பருவத்து 25ஆவது கோலை அடித்தார். ஆட்டம் 3-2. புள்ளிகள் 67. டார்ம்ஸ்டாட் அன்று தோற்றிருந்ததால், கோல் வித்தியாசத்தில் ஹைடன்ஹைம் சாம்பியன் பட்டத்தையும் சேர்த்தே பெற்றது. ஹாம்பர்க் 66 புள்ளிகளோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

அந்த ரசிகர்களை அவசரக்காரர்கள் என்று யாரும் எள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1983இல் ஏதென்ஸில் ஜுவென்டஸை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கழகம் அது. 2018இல்தான் முதன்முறையாக முதல் பிரிவிலிருந்து இறங்கியது. அதன் பிறகு மூன்று பருவங்கள் தொடர்ந்து நான்காம் இடம். நான்காவது பருவத்தில் மூன்றாம் இடம் பிடித்தும் ஹெர்தா பெர்லினிடம் தோல்வி. அவற்றில் 2020ஐ நான் மறப்பதே இல்லை. அன்று கடைசிச் சுற்றில், சொந்த மைதானத்தில், இதே சாண்ட்ஹவுசனிடம் ஹாம்பர்க் 1-5 என்று தோற்று, ஒரே ஒரு புள்ளியில் மூன்றாம் இடத்தைத் தவறவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது ஹைடன்ஹைம்! ஆனால் அதற்கும் அன்று வாய்ப்புக் கைகூடவில்லை. பிரேமனோடு 0-0, 2-2 என்று இரு ஆட்டங்களையும் சமன் செய்தும், எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் வெளியேறியது.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகும் ஹைடன்ஹைம் தன் பயிற்சியாளரை மாற்றவில்லை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் அந்த ஊரிலேயே பிறந்தவர் ஃபிராங்க் ஷ்மிட். 2007இல், கழகம் ஒபர்லீகா என்னும் அன்றைய நான்காம் நிலைப் பிரிவில் கிடந்தபோது பொறுப்பேற்றார். 2009இல் மூன்றாம் பிரிவு, 2014இல் இரண்டாம் பிரிவு என அவருடைய கையிலேயே கழகம் படி ஏறியது. 99ஆம் நிமிடத்தில் பந்து வலைக்குள் சென்றபோது அவருக்கு அது பதினாறாவது ஆண்டு. 0-2 என்று பின்தங்கிய பின்னும் ஓர் அணி நிலை குலையாமல் ஆடுகிறது என்றால், ஒருவரையொருவர் நம்பிப் பழகிய அத்தனை ஆண்டுகளும் அதற்குள் இருக்கின்றன என்றே நான் எண்ணுகிறேன். அதனால்தான் அதை அதிசயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் இடத்தவருக்கான அந்த இரண்டு ஆட்டங்களில் ஹாம்பர்க் 2023இலும் ஸ்டுட்கார்ட்டிடம் 0-3, 1-3 என்று தோற்று, இரண்டாம் பிரிவிலேயே தங்கியது. 2025 மே 10 அன்று, தன் மைதானத்தில் உல்ம் அணியை 6-1 என்று வீழ்த்திய பிறகே அது முதல் பிரிவுக்குத் திரும்பியது. அன்றும் ரசிகர்கள் ஆடுகளத்தில் வெள்ளமாக இறங்கினார்கள். இம்முறை அவர்களுடைய கொண்டாட்டம் பாதியில் நிற்கவில்லை.