மின்கம்பி இல்லாமல் ஓடும் பட்டறை: ஆமிஷ் மக்கள் இயந்திரத்தை அனுமதிப்பது எப்படி?

[காட்சி: அமெரிக்கா, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி. ஒரு மரப்பட்டறை.]

ரம்பம் ஓடுகிறது. டிரில் ஓடுகிறது. ஆனால் தெருவிலிருந்து மின்கம்பி ஒன்றுகூட உள்ளே வரவில்லை. இது ஆமிஷ் மக்களின் பட்டறை; எளிய வாழ்க்கையைக் கடைப்பிடிக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். பக்கத்துக் கொட்டகையில் டீசல் எஞ்சின் ஒன்று கம்ப்ரசரை ஓட்டுகிறது. அழுத்திய காற்று தொட்டியில் சேர்ந்து, குழாய் வழியே கருவிகளுக்குப் போகிறது. கடையில் வாங்கிய மெஷினின் மின்மோட்டாரைக் கழற்றி, அங்கே காற்று மோட்டாரை மாட்டிவிடுவார்கள். வீட்டுத் தையல் மெஷினும் இப்படி ஓடும்.

இதில் சிரமம் அதிகம். கம்ப்ரசருக்குக் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் தொட்டிக்குள் தண்ணீராகத் தேங்கும். அடிவால்வைத் திறந்து வடிக்காமல் விட்டால் மோட்டார் துருப்பிடிக்கும். பனிக்காலத்தில் குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

[காட்சி: சாலையோர மின்கம்பங்கள்.]

பிறகு ஏன் இந்தப் பாடு? 1920 வாக்கில் லங்காஸ்டர் ஆமிஷ் சபைகள் பொது மின்இணைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தன. மின்சாரமே பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. 12 வோல்ட் பேட்டரிக்குத் தடை இல்லை. கம்பி ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால், அதில் எதைச் சொருகுவது என்பதைச் சபையால் தீர்மானிக்க முடியாது. அதுதான் கவலை. பின்னாளில் ரேடியோவும் டிவியும் வந்ததைப் பார்க்கும்போது, அது சரியான கணிப்பு என்றே சொல்ல வேண்டும்.

[காட்சி: வீட்டுக் கூடத்தில் வரிசையாக பெஞ்சுகள்.]

முடிவெடுப்பது அந்தந்த ஊர்ச்சபை. ஒரு சபைக்குச் சுமார் 20 முதல் 40 குடும்பங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் புதுக் கருவியை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்குவார். யாரும் முகம் சுளிக்காவிட்டால் அது அப்படியே வழக்கமாகிவிடும். சலசலப்பு எழுந்தால் பிஷப் காதுக்குப் போகும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திருவிருந்து என்ற வழிபாட்டுச் சடங்குக்கு முன்னால் கூட்டம் நடக்கும். ஞானஸ்நானம் பெற்ற ஆண், பெண் எல்லோரிடமும் ஒப்புதல் கேட்பார்கள். மனத்தாங்கல் பெரிதாக இருந்தால் திருவிருந்தே தள்ளிப்போகும்.

[காட்சி: பால்பண்ணை.]

1960களில் பால் கம்பெனிகள், கேன் வேண்டாம், குளிரூட்டிய பெரிய தொட்டியில்தான் பால் வேண்டும் என்றன. மறுத்தால் பிழைப்பு போகும். லங்காஸ்டர் பிஷப்புகள் பேரம் பேசினார்கள்: குளிரூட்ட டீசல் எஞ்சின், பாலைக் கலக்க 12 வோல்ட் பேட்டரி, ஞாயிற்றுக்கிழமை பால் லாரி வரக்கூடாது. கம்பெனிகள் ஒத்துக்கொண்டன.

ஆமிஷ்களிலேயே கட்டுப்பாடு மிகுந்த ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவினர் அந்தத் தொட்டியையும் ஏற்கவில்லை. அவர்கள் கேனிலேயே பால் ஊற்றுகிறார்கள். அந்தப் பால் சீஸ் செய்யப் போகிறது, விலையும் குறைவு.