அம்மாவின் கிட்னியா, மனைவியின் கிட்னியா? 1995-இல் வந்த பதில் மருத்துவர்களையே அசத்தியது!

வணக்கம்! ஒருவருக்குக் கிட்னி தேவை. அம்மாவும் தரத் தயார், மனைவியும் தரத் தயார். யாருடையது நன்றாக உழைக்கும்? சிங்கப்பூர் தேக்காவில் யாரைக் கேட்டாலும், "பெற்ற தாயுடையதுதான், ரத்த சொந்தமாச்சே" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வரலாறு, வேகமாக. 1954, பாஸ்டன்: ஜோசப் மரே குழுவினர் ஒரே உருவ இரட்டையரில் ஒருவரின் கிட்னியை மற்றவருக்குப் பொருத்தினார்கள். சிங்கப்பூரில் உயிரோடு இருப்பவர் தந்த முதல் கிட்னி 1976-இல்.

(திரையில்: ஆறு கட்டங்கள்)

செல்களின் மேல் எச்எல்ஏ என்ற புரதங்கள் இருக்கின்றன. தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடம்பு இவற்றை வைத்துத்தான் அடையாளம் காணும். வழக்கமாகப் பார்ப்பது ஏ, பி, டிஆர். அப்பா வழியில் மூன்று, அம்மா வழியில் மூன்று. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம், கிட்னிக்கு ஆறு! பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதியாவது பொருந்தும். கூடப்பிறந்தவர் முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. துளியும் பொருந்தாமல் போகவும் அதே நான்கில் ஒன்று.

சரி, கணவன் மனைவி? திசுவைப் பொறுத்தவரை அந்நியர்கள்தான். ஆனால் 1995-இல் ஆய்வாளர் பால் தெராசாகி குழுவினர் அமெரிக்கக் கிட்னி மாற்றுப் பதிவேட்டை அலசியபோது, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்த கிட்னிகள்: பெற்றோர் தந்ததில் 82 சதவீதம், வாழ்க்கைத்துணை தந்ததில் 85 சதவீதம்! இறந்தவர்களிடமிருந்து எடுத்ததில் 70.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இறந்தவர் தரும் கிட்னியை மூளைச்சாவே காயப்படுத்துகிறது. அப்புறம் அது பல மணி நேரம் பனிக்குளிரில் காத்திருக்கிறது. உயிரோடு இருப்பவரின் கிட்னிக்கு அந்தப் பாடு இல்லை. முழுப் பொருத்தமுள்ள அண்ணனோ தங்கையோ கிடைத்தால் அவருக்குத்தான் இன்றும் முதலிடம். ஆனால் பொருத்தம் குறைவு என்பதற்காக மட்டும் மனைவியை ஒதுக்கக் கூடாது.

இன்னொரு வியப்பு! மனைவி கணவருக்குத் தருவதும், கணவர் மனைவிக்குத் தருவதும் ஒன்றல்ல. வயிற்றில் வளரும் குழந்தையிடம் அப்பாவின் எச்எல்ஏ பாதி இருக்கும். அதைக் கண்டு தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கலாம், அது பல வருடம் தங்கலாம். பிறகு அதே கணவரின் கிட்னி வந்தால் உடனே தாக்கும். அதனால்தான் கிராஸ்மேட்ச் சோதனை: தருபவரின் வெள்ளை அணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சேர்த்து, தாக்குகிறதா என்று பார்ப்பார்கள். அக்காமார்களே, இதே எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடிய கருச்சிதைவையும் ரத்தம் ஏற்றியதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கிராஸ்மேட்ச் ஒத்துவரவில்லையா? இரண்டு ஜோடிகள் கிட்னியை மாற்றிக்கொள்ள நம் சிங்கப்பூர்ச் சட்டம் 2009 திருத்தத்தில் இடம் கொடுத்தது. உயிரோடு இருப்பவர் தரும் எந்தத் தானமாக இருந்தாலும் உறுப்பு மாற்று நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மனமுவந்துதான் தருகிறாரா, பணம் கைமாறுகிறதா என்று விசாரிப்பார்கள். இந்தக் கண்டிப்பு அவசியம் என்பது என் கருத்து.

உங்கள் குடும்பத்தில் டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், "நான் ரத்த சொந்தம் இல்லையே" என்று தயங்கும் அண்ணிக்கும் மச்சானுக்கும் இதை இன்றே அனுப்புங்கள். ரத்த வகையே வேறாக இருந்தால் என்ன செய்வது? அதுதான் அடுத்த வீடியோ. கேள்விகளைக் கீழே எழுதுங்கள்.