கிரெடிட் கார்டு கடன்: வங்கியோடு நீங்களே பேசலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியின் வசூல் பிரிவில் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, கார்டு கடனில் மாட்டிக்கொண்டவர்களோடு இந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன். இந்தக் கடனைப் பேசித் தீர்க்க இடைத்தரகர் யாரும் வேண்டாம். கடன் வாங்கியவரே பேசலாம். பேசியதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் கடன் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். கார்டில் 1,00,000 ரூபாய் நிலுவை, மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 630 ரூபாய். நீங்கள் 5,000 ரூபாய் கட்டினால் அதில் 4,130 வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. அசலில் குறைவது 870 ரூபாய்தான். "மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தானே சார் இருக்கேன், ஏன் குறையல?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். பலரும் அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்காக எல்லோரும் செட்டில்மென்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. வருமானம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். முழுக் கடனும் அடையும், உங்கள் பெயரும் கெடாது. வேலை போனவர்கள், தொழில் படுத்தவர்கள், மருத்துவச் செலவில் மூழ்கியவர்கள், எப்படிப் பார்த்தாலும் முழுத் தொகையைக் கட்ட வழியில்லாதவர்கள், இவர்களுக்கானதுதான் செட்டில்மென்ட். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மீதியை வங்கி விட்டுக்கொடுக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. சிபில் அறிக்கையில், அதாவது நீங்கள் கடன்களைக் கட்டிய வரலாற்றைக் காட்டும் அறிக்கையில், அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அந்தச் சொல் குறுக்கே நிற்கும். சமரசம் செய்துகொண்ட வங்கியும் குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக்கடன் தர முடியாது. 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை அப்படிச் சொல்கிறது.

வங்கி எப்போது இறங்கி வரும்? தவணை தவறி 90 நாள் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்கு முன்னால் பெரிதாக எதையும் குறைக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு சில கடன் தீர்வு நிறுவனங்கள், "கட்டுவதை நிறுத்துங்க, மாசாமாசம் எங்களுக்குக் கட்டணம் கொடுங்க, நாங்க பேசிக்கிறோம்" என்கின்றன. கட்ட முடிகிறவர் வேண்டுமென்றே நிறுத்தலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் காசு உங்கள் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

பேசப் போகுமுன் கடைசி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, நீங்கள் செலவு செய்த அசல் எவ்வளவு, வட்டியும் அபராதமும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். விட்டுக்கொடுக்க வங்கிக்கு அதிக இடம் இருப்பது வட்டியிலும் அபராதத்திலும்தான். பிறகு உங்களால் உண்மையாகவே புரட்ட முடிகிற தொகையை முடிவு செய்யுங்கள். மச்சான் தருவார், சீட்டு விழும் என்ற நம்பிக்கையில் தொகை சொல்லாதீர்கள். ஒத்துக்கொண்ட தவணை ஒன்று தவறினாலும் பெரும்பாலும் ஒப்பந்தம் ரத்தாகிவிடும். அதுவரை கட்டியதைப் பழைய முழு நிலுவையில் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பார்கள். கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள். "சார், எனக்கு வேலை போயிடுச்சு, கடிதம் இருக்கு. என்னால 50,000 ஏற்பாடு பண்ண முடியும். இதோட கணக்கை முடிச்சுக்கிறதா வங்கி எழுதிக் கொடுத்தா ஒரே தடவையில கட்டிடறேன்." இவ்வளவு சொன்னால் போதும். அழவும் வேண்டாம், சத்தம் போடவும் வேண்டாம். ஒரே தடவையில் கட்டுகிறேன் என்ற பேச்சுக்கு வங்கியில் தனி மதிப்பு உண்டு. பணம் கட்டும் காலம் மூன்று மாதத்தைத் தாண்டினால் அதைக் கடன் மறுசீரமைப்பாக, அதாவது நிபந்தனைகளை மாற்றி அமைத்த கடனாக, வங்கி கருத வேண்டும் என்பது விதி. அதனால்தான் நீண்ட தவணைக்கு அவர்கள் தயங்குகிறார்கள். காலாண்டு முடிவில், அதிலும் மார்ச்சில், வசூல் இலக்கு நெருக்கும். அந்த வாரங்களில் முதல் நாள் மறுத்தவரே மறுநாள் தானாகக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். ஏஜென்ட் போனில் "முடிச்சிடலாம் சார்" என்று சொல்வதும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதும் கடிதம் ஆகாது. வங்கியின் லெட்டர்ஹெட்டில், அல்லது வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். உங்கள் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள், ஒத்துக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி இருக்க வேண்டும். இந்தத் தொகை வந்ததும் மீதி முழுவதும் தள்ளுபடி, வேறு எந்தப் பாக்கியும் இல்லை என்ற வரி கண்டிப்பாக வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போனால், விட்டுப்போன மீதியை, வாராக்கடன்களை விலைக்கு வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு வங்கி விற்றுவிடலாம். சில வருடம் கழித்து முகம் தெரியாத யாரோ போன் செய்து பாக்கி கேட்பார்கள். உங்கள் சம்பளக் கணக்கும் அதே வங்கியில் இருந்து, அதில் பணத்தை எடுக்க முடியாதபடி லீன் போட்டிருந்தால், அதை நீக்குவதாகவும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பணத்தைக் கார்டு கணக்குக்கே நேரடியாகக் கட்டுங்கள். ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயத்தில் ஊரை விட்டே போனவர்களை எனக்குத் தெரியும். கார்டு பணம் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமாகாது. அது சிவில் விவகாரம். "போலீஸ் வரும்" என்று போனில் சொன்னவுடன் நடுங்க வேண்டாம். ஆனால் நீங்கள் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், காசோலைகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு வரலாம். எனவே செட்டில்மென்ட்டுக்காகப் பின்னால் வரும் தேதி போட்ட காசோலைகளைக் கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. உறவினரிடமோ நண்பரிடமோ சொல்லி உங்களை அவமானப்படுத்தவும் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். புகார் எழுதும்போது அந்த நோட்டு பேசும்.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். உண்மையான நோட்டீஸ்தானா என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கேயும் உங்கள் சம்மதமில்லாமல் எந்தத் தொகையும் முடிவாகாது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையசையுங்கள்.

பணம் கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். இன்னும் பாக்கி என்று காட்டினால் வங்கிக்கும் சிபில் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. வங்கி பதிலே சொல்லாவிட்டால், 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புகாரோடு செட்டில்மென்ட் கடிதத்தையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

வணக்கம்.