விக்ஸ் செடிக்கு மூணு மாசம் தண்ணி ஊத்தின கதை

வணக்கம் மக்காள், மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வளவுக்குள்ள இருந்துதான் கதைக்கிறன், கடல் காத்து மைக்குல இரையும், சமாளிச்சுக் கேளுங்க. கற்பூரவள்ளி எப்பிடி வைக்கிற எண்டு கன பேர் கேட்டிருந்தீங்க. வைக்கிறது லேசு, ஆனா அதுக்கு முதல் உங்கட கையில இரிக்கிறது கற்பூரவள்ளிதானா எண்டு பாருங்க.

எனக்கு ஒரு அக்கா கொப்பு முறிச்சுத் தந்தா, வாசமாத்தான் இருந்திச்சு, நானும் நட்டு மூணு மாசம் தண்ணி ஊத்தினன். மறுகா அம்மம்மா வந்து ஒரு இலையக் கிள்ளி மோந்துட்டு "என்னகா இது, விக்ஸ் போத்தல் மாதிரியெல்லோ மணக்குது" எண்டா. உண்மையிலயே அது விக்ஸ் செடி, கற்பூரவள்ளிட சொந்தக்காரன். இலை சின்னன், வெல்வெட் துணி மாதிரி இரிக்கும்.

இந்தா கற்பூரவள்ளி. இலை அகலம், நல்ல மொத்தம், மடிச்சா டக்கெண்டு முறியும், ஓரம் பல்லுப் பல்லா, மேல பூனை மயிர். பேருலதான் கற்பூரம், கசக்கினா வாறது ஓம மணம், ஓமத்தில இரிக்கிற தைமோல் எண்ட வாசப் பொருள் இதிலயும் இரிக்கி, அதாலதான் ஓமவல்லி எண்டும் சொல்ற. அதுக்காக ஓமம் இதில காய்க்கும் எண்டு பாத்திட்டு இருக்காதீங்க, அது வேற செடி. இளந்தண்ட விரலால உருட்டிப் பாருங்க, துளசிக்குப் போல நாலு மூலை தட்டுப்படும், ரெண்டும் ஒரே குடும்பம்.

நடுறதுக்கு ஒரு சாண் கொப்பு காணும், கீழ் இலையக் கழட்டிட்டு நம்மட மணல்ல கொஞ்சம் மாட்டெருவும் கலந்து குத்திவிட்டா ரெண்டு கிழமையில வேர் பிடிச்சிரும், ஒருக்காப் பிடிச்சா வருஷக்கணக்கா நிக்கும். காய வைக்கிற கச்சான் காத்துக்கும் தாங்கும், இலைக்குள்ளயே தண்ணி வச்சிரிக்கிதெல்லோ. மழைதான் எதிரி. போன மாரிக்கு நான் பெயின்ட் வாளியில ஓட்டை போடாம வச்சு, கார்த்திகை மழைக்குத் தண்ணி தேங்கி, தண்டு அடியோட கறுத்து அழுகிட்டு, தப்பின ஒரு நுனியில இருந்து வந்ததுதான் இந்தக் கூட்டம் எல்லாம்.

தடிமனுக்கு இலைய வாட்டிப் புழிஞ்சு தேனோட குடுப்பாங்க, ஆனா ஒரு வயசாகாத பிள்ளைக்குத் தேன் குடுக்கவே கூடாது, ஆர் சொன்னாலும்.

விக்ஸ் செடிய நான் பிடுங்கல்ல, படலையடியில நிக்கிது, கேக்கிறாக்களுக்கு முறிச்சுக் குடுக்கிறன், பேரச் சொல்லித்தான்.