1,850 ரூபாய் மெத்தையும் 160 ரூபாய் ஸ்பாஞ்சும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முகத்தில் கொஞ்சம் திமிர் தெரிகிறதா? 160 ரூபாய்க்கு வாங்கிய திமிர். சொல்கிறேன்.

பாலக்கோடு தக்காளி மண்டி வீடியோவைப் பாதியில் நிறுத்தியதற்கு எத்தனை பேர் திட்டினீர்கள்! கிறுகிறுப்புதான் காரணம். எங்கே பார்த்தாலும் சிவப்புக் கூடை, நாலு பக்கமும் ஆட்கள் நகர்கிறார்கள், எனக்குத் தரையே பரிசல் மாதிரி ஆடியது. தர்மபுரி–சேலம் சாலையில், தொப்பூர் கணவாயின் இரட்டைப் பாலத்தில் லாரி எங்கள் காரை இடித்த நாளிலிருந்து இதே கதை என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஏர் பிரேக் 'புஸ்' என்றால் நெஞ்சு அடைக்கும், அடுத்த நொடி தலை மிதக்கும்.

"பித்தம் ஏறியிருக்கு, இஞ்சிச் சாறு குடி" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஆறு மாதம் குடித்தேன். இனி யாராவது இஞ்சி என்றால் சண்டைதான்.

மனநல மருத்துவர்தான் புரிய வைத்தார். உடம்பு சாயாமல் நிற்க, காது, கண், பாதம் மூன்றிலிருந்தும் மூளைக்குச் செய்தி போகிறதாம். விபத்தில் பயந்த மூளை ஓயாமல் காவல் காக்கிறது. கண்ணையே அளவுக்கு மீறி நம்புகிறது, கழுத்தையும் காலையும் விறைக்க வைக்கிறது. அதனால்தான் கூட்டமும் கோடு போட்ட சேலையும் போனில் ஓடும் ரீல்ஸும் என்னைச் சுற்ற வைக்கின்றன. போதாததற்கு, பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்கு ரத்தம் போவதும் குறைகிறது. இப்படி மிதப்பது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு பி.பி.பி.டி. (PPPD, விடாமல் தொடரும் ஒரு வகைத் தலைசுற்றல்) என்று பெயர். அதை எப்படிக் கண்டறிவது என்று 2017இல்தான் வரையறுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களை மன்னித்துவிடலாம்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கு முன்னால் காது டாக்டரிடம் போனேன். படுக்க வைத்துத் தலையைத் திருப்பி, காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நீங்களும் முதலில் அதைப் பாருங்கள், எல்லாத் தலைசுற்றலும் மனசு இல்லை.

சரி, ஸ்பாஞ்சுக்கு வருவோம். பிசியோதெரபிஸ்ட், மெத்தென்ற திண்டின் மேல் நின்று தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். கால் தடுமாற வேண்டும், மூளை பழக வேண்டும், அதுதான் வைத்தியம். ஆன்லைனில் பார்த்தால் 1,850 ரூபாய்! நீல நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். சோபா தைக்கும் கடைக்குப் போய் 90 ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கினேன். ஏறி நின்றதும் தோசை மாதிரி தட்டையாகிவிட்டது. மறுநாள் திரும்பப் போனேன். "எத்தனை டென்சிட்டி வேணும்?" என்றார் கடைக்காரர். ஸ்பாஞ்சின் அடர்த்தியாம். நேற்றே கேட்டிருக்கக் கூடாதா? 40 டென்சிட்டி, 4 இன்ச், 160 ரூபாய். பழைய துண்டைத் திரும்ப வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஆக மொத்தம் 250. தலைப்பில் 160 என்றுதான் போடுவேன்.

முதல் நாள் அதன் மேல் கண்ணை மூடி நின்றது 4 நொடி. நேற்று 30! சுவர் மூலையில் நின்று, முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டுதான், அதை மறக்காதீர்கள்.

அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் ஏறினேன். அதே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வழக்கமாகக் கண்ணை இறுக்கி மூடி, கம்பியைப் பிடித்துக்கொள்வேன். இந்த முறை மூச்சை மெதுவாக விட்டு, கண்ணில் பட்ட 5 பொருளுக்கு மனசுக்குள் பெயர் சொன்னேன். கண்டக்டர் பை, எலுமிச்சை மாலை, முன் சீட்டுப் பாப்பாவின் ரிப்பன்... மூன்றாவதில் லாரி பிரேக் போட்டது. தலை மிதந்தது. விட்டுவிட்டு மறுபடி கண்டக்டர் பையிலிருந்து ஆரம்பித்தேன். கணவாய் தாண்டி தீவட்டிப்பட்டி வரும்போது கை முழுக்க வேர்வை, ஆனால் கண் திறந்தே இருந்தது!

மண்டிக்கு அடுத்த வாரம் போகிறேன், இந்த முறை முழு வீடியோ. 90 ரூபாய்த் துண்டில் பூனை படுத்திருக்கிறது, அதையும் கேட்காதீர்கள்.